கையடக்க ரயில் மாடல் கன்ட்ரோலர்: பட்டன் வேண்டுமா, டச் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் மாடல் ரயில் ஓட்டுபவர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கிற சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். புதிதாக வருபவர்கள் தண்டவாளத்தைப் பற்றிக் கேட்பதைவிட, கையில் எதைப் பிடித்து ஓட்டுவது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். போனிலேயே ஓட்டலாமா, குமிழ் வைத்த கன்ட்ரோலருக்குக் காசு போட வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கன்ட்ரோலர் என்ன வேலை செய்கிறது? எனக்கு அடிப்படையே தெரியாது.

பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டினார்கள். இப்போது பெரும்பாலும் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறை. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், எச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடலுக்குச் சுமார் 14 முதல் 16 வோல்ட். கட்டளையும் அதே தண்டவாளம் வழியாகவே போகும். "3ஆம் எண் எஞ்சின், முன்னோக்கி, இவ்வளவு வேகம்" என்று கட்டளை போனால், அந்த எண்ணுக்கு உரிய எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை மட்டும் அதைக் கேட்டு நடக்கும். கையில் இருக்கும் கன்ட்ரோலர் அந்தக் கட்டளையைக் கொடுக்கும் கருவி. வேகம், திசை, விளக்கு, ஹாரன், அவசர நிறுத்தம் எல்லாம் அதிலிருந்துதான்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பட்டனா, டச்சா?

வேகம், திசை, ஹாரன், நிறுத்தம் ஆகிய நான்கும் விரல் தடவிக் கண்டுபிடிக்கும்படி கெட்டியான குமிழிலும் பட்டனிலும் இருக்க வேண்டும். எஞ்சினைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது, பெயர் வைப்பது, செட்டிங் மாற்றுவது போன்றவைக்குத் திரை போதும், சொல்லப்போனால் திரைதான் நல்லது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் குமிழ் உள்ளதை எடுங்கள்.

போன், ஏடிஎம், பஸ் டிக்கெட் மெஷின் என்று எல்லாமே டச் ஆகிவிட்டது. ரயில் மாடலுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

போனில் நாம் செய்கிற வேலை போன் திரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மெசேஜ் படிக்கிறோம், பதில் அடிக்கிறோம், கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரயில் ஓட்டும்போது பார்க்க வேண்டியது ஒரு மீட்டர் தள்ளி நகர்ந்துகொண்டிருக்கிறது. கண் அங்கே, விரல் இங்கே. விரல் வேலை செய்ய இந்தப் பக்கம் கண்ணும் வர வேண்டியிருந்தால், வண்டியைப் பார்க்க ஆள் இல்லை.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எச்ஓ என்பது 1:87 அளவு. நிஜத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகம் மாடலில் நொடிக்குச் சுமார் 32 செ.மீ. ஒரு ஐசிஎஃப் பெட்டி எச்ஓ-வில் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். திரையில் ஸ்லைடர் எங்கே என்று இரண்டு நொடி குனிந்து பார்த்தால் வண்டி இரண்டரைப் பெட்டி தூரம் போய்விடுகிறது. ஓடும் பாதையில் அதனால் பெரிய கெடுதல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷன்டிங்கில், அதாவது பெட்டிகளைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும், நிலைமை வேறு. மணிக்கு 20 கி.மீ. என்றால் மாடலில் நொடிக்கு 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதே இரண்டு நொடியில் 13 செ.மீ. கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) தொடுவதற்குக் கடைசி 13 செ.மீ.யில்தான் ஷன்டிங்கின் முழுச் சுகமும் இருக்கிறது. இடிக்காமல், நிறுத்தாமல், மெல்ல ஒட்ட வைத்து 'க்ளிக்' என்று கேட்கிற அந்த இடத்தில் கண்ணை எடுத்தால், பெட்டி தடம் புரண்டு கிடக்கும்.

இரவு கரண்ட் போய் வந்தால் எழுந்து விளக்குப் போடாமலேயே சுவரில் ஃபேன் ரெகுலேட்டரைத் தேடித் திருப்புகிறோம் இல்லையா, அந்த நம்பிக்கை கைக்கு வேண்டும். வழவழப்பான கண்ணாடி விரலுக்கு எதையும் சொல்வதில்லை. ஸ்லைடரின் மேல் விரல் இருக்கிறதா, பக்கத்தில் நழுவிவிட்டதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, திரை ஸ்லைடரில் விரலை வைத்தவுடனே வேகம் அந்த இடத்துக்குத் தாவும் ஆப்கள் இருக்கின்றன. நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் திடீரென்று பாதி வேகத்தில் கிளம்பும். வாங்கும் முன், அல்லது நிறுவியவுடன், இதை முதலில் சோதியுங்கள். நல்ல ஆப்களில் ஸ்லைடரை இழுத்தால் மட்டும் நகரும்படி மாற்றும் வசதி உண்டு.

இது உங்கள் சொந்த ருசியா, வேறு துறைகளிலும் இப்படிச் சொல்கிறார்களா?

சொல்கிறார்கள், அதுவும் உயிர் போன பிறகு. 2017 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான், எஞ்சின் வேகக் கட்டுப்பாடுகள் எந்தத் திரையிடம் இருக்கின்றன என்பதில் ஏற்பட்ட குழப்பம் விசாரணையில் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது. 2019-ல் கடற்படை தன் டெஸ்ட்ராயர் கப்பல்களில் டச் திரை த்ராட்டிலை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும் நெம்புகோல் த்ராட்டிலுக்குத் திரும்புவதாக அறிவித்தது. கப்பலில் வேலை செய்பவர்களே அதைத்தான் கேட்டார்கள்.

கார்களிலும் பார்க்கலாம். 2022-ல் ஸ்வீடனின் வி பிலேகாரே என்ற வாகன இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோ, ஏசி போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 மாடல் வோல்வோ வி70-ல் 10 நொடியில் வேலை முடிந்தது, கார் அதற்குள் 306 மீட்டர் போயிருந்தது. திரை மட்டுமே நம்பிய புதிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் சுமார் 45 நொடி, 1,372 மீட்டர். ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத கார்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்காது.

நம் ரயில்வேயிலும் எஞ்சின் கேபினில் திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் லோகோ பைலட்டின் கை கெட்டியான ஒரு நெம்புகோலின் மேல்தான் இருக்கிறது. ஆல்கோ டீசல் எஞ்சின் என்றால் எட்டு நாட்ச், அதாவது எட்டுப் படிகள், ஒவ்வொன்றும் கைக்குத் தெரியும்.

அப்படியானால் டச் எதற்குமே உதவாதா?

நன்றாகவே உதவும். எஞ்சின்கள் இருபதைத் தாண்டிவிட்டால் எண்ணை நினைவில் வைத்து அடிப்பது தலைவலி. திரையில் படத்தைப் பார்த்துத் தொட்டால் வேலை முடிந்தது. டீகோடரின் சிவி மதிப்புகளை (டீகோடருக்குள் எண்களாகச் சேமித்திருக்கும் செட்டிங்குகள்) மாற்றுவது, உதாரணமாக வேகம் மெதுவாக ஏறுவதற்கு சிவி3, மெதுவாக இறங்குவதற்கு சிவி4, இதெல்லாம் திரையில் தான் நிம்மதி. யார்டு வரைபடத்தைத் திரையில் போட்டு, பாயின்ட்டை (வண்டியைத் தடம் மாற்றிவிடும் இடம்) தொட்டால் திரும்பும்படி வைப்பதில் டச்சை மிஞ்ச எதுவும் இல்லை. பட்டன் வைத்துச் செய்ய வேண்டுமானால் அதற்கு ஒரு முழுப் பலகை கட்ட வேண்டும்.

ஒலி டீகோடர்களில் எஃப்0-விலிருந்து எஃப்28 வரை ஃபங்ஷன்கள் வந்துவிட்டன. கம்ப்ரஸர் சத்தம், கதவு, ஸ்டேஷன் அறிவிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் போட்டுக் காட்ட திரையால்தான் முடியும். '17' என்று அச்சடித்த பட்டன் எந்தச் சத்தம் கொடுக்கும் என்று யாருக்கு நினைவிருக்கும்?

இரண்டும் சேர்ந்த கன்ட்ரோலர் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, எனக்குப் பிடித்த வகையும் அதுதான். இஎஸ்யூ கம்பெனியின் மொபைல் கன்ட்ரோல் 2 ஆண்ட்ராய்டு திரை உள்ள கையடக்கக் கருவி. கீழே ஒரு குமிழ், பக்கவாட்டில் பட்டன்கள். அந்தக் குமிழுக்குள் சின்ன மோட்டார் இருக்கிறது. வேறு எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் அந்த எஞ்சின் ஓடும் வேகத்துக்குக் குமிழ் தானாகவே திரும்பி நிற்கும். மெர்க்லினின் சென்ட்ரல் ஸ்டேஷன் 3 கையில் பிடிப்பது இல்லை, மேசை மேல் வைப்பது. ஆனால் அதன் பெரிய டச் திரைக்கு இருபுறமும் குமிழ்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். முழுக்கத் திரையாகவே செய்திருக்க முடியும், செய்யவில்லை.

ரோகோவின் மல்டிமவுஸ், வைஃபையில் ஓடும் டபிள்யூலான்மவுஸ் இரண்டிலும் டச் கிடையாது. நடுவில் பூஜ்ஜியம் உள்ள குமிழ்: வலது பக்கம் திருப்பினால் முன்னோக்கி, இடது பக்கம் திருப்பினால் பின்னோக்கி. நடுவில் வரும்போது விரலுக்கே தெரியும். ஷன்டிங்குக்கு இதைவிட எளிதான அமைப்பு கைக்குக் கிடைப்பது அபூர்வம். என்சிஇ பவர் கேப்பில் கட்டைவிரல் சக்கரமும், தனியாக ஹாரன் பட்டனும் உண்டு. இவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. அஞ்சல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

குமிழிலும் இரண்டு வகை என்கிறார்களே?

ஆமாம், கடைக்காரர் சொல்லாத விஷயம் இது. ஒன்று பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோ வால்யூம் போல இரண்டு முனையிலும் முட்டி நிற்கும். இடது முனைக்குத் திருப்பினால் வண்டி நின்றே ஆக வேண்டும், இருட்டிலும் சந்தேகம் இல்லை. குறை எப்போது தெரியும் என்றால், ஒரே குமிழில் பல எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்டும்போது. குமிழ் பாதியில் இருக்கிறது, நீங்கள் எடுக்கும் எஞ்சின் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டவுடனே வண்டி பாயும். இஎஸ்யூ மோட்டார் வைத்தது இதைச் சரிசெய்யத்தான்.

மற்றொன்று ரோட்டரி என்கோடர். முடிவில்லாமல் சுற்றும், ஒவ்வொரு அடிக்கும் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். எஞ்சின் மாற்றினாலும் தாவல் இல்லை, இருக்கும் வேகத்திலிருந்து கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் முட்டி நிற்கும் இடம் இல்லாததால் 'நின்றுவிட்டதா' என்பதைக் குமிழ் சொல்லாது. அதனால் என்கோடர் வைத்த கன்ட்ரோலர்களில் குமிழை அமுக்கினால் வண்டி நிற்கும்படி வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை, மெர்க்லின் மொபைல் ஸ்டேஷனில் சிவப்புக் குமிழை அமுக்கினால் திசை மாறும்.

எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. கடையில் கிடைக்கும் சாதாரண என்கோடரில் ஒரு சுற்றுக்கு 20 டிக். டிசிசி-யில் 128 படி முறையில் ஓட்டினால் உண்மையில் 126 வேகப் படிகள். டிக்குக்கு ஒரு படி என்றால் முழு வேகத்துக்கு ஆறு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டும், கை வலிக்கும். டிக்குக்கு நான்கு படி என்று வைத்தால் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். என் விருப்பம், மெல்லத் திருப்பினால் ஒவ்வொரு படி, விசையாகத் திருப்பினால் நாலைந்து படி என்று மென்பொருளிலேயே அமைப்பது. ஷன்டிங்கில் நுணுக்கமும் கிடைக்கும், பாதையில் வேகமும் கிடைக்கும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. தனிக் கன்ட்ரோலர் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?

போனிலேயே பட்டன் இருக்கிறதே. ஆண்ட்ராய்டில் என்ஜின் டிரைவர் என்ற இலவச ஆப்பில் போனின் வால்யூம் பட்டன்களை வேகம் கூட்டவும் குறைக்கவும் பயன்படுத்தலாம். இந்த ஒரு செட்டிங்கைப் போட்டவுடனே போன் கன்ட்ரோலர் ஓரளவு மனிதருக்கு ஏற்றதாகிவிடும். கண் வண்டி மேலேயே இருக்கட்டும், கட்டைவிரல் பக்கவாட்டில் வேலை பார்க்கும். சின்ன புளூடூத் கேம்பேடையும் அதே ஆப்போடு இணைத்து ஜாய்ஸ்டிக்கில் ஓட்டலாம். பையன் கேம் விளையாடிவிட்டு மூலையில் போட்ட கேம்பேடு வீட்டில் இருந்தால் முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள்.

ஓட்டும்போது போனுக்கு அழைப்பு வந்தால் ஆப் பின்னால் போய்விடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்தும் பட்டன் திரையில் இருக்காது. ஓட்டத் தொடங்கும் முன் 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள். பழைய போன் ஒன்றைச் சிம் இல்லாமல் ரயிலுக்கென்றே ஒதுக்கினால் இன்னும் நல்லது.

வைத்ராட்டில் முறையில் (வைஃபை வழியாகக் கட்டளை அனுப்பும் முறை) பேசும் கன்ட்ரோலர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. போன் சில நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று சர்வருக்கு, அதாவது கட்டளையை வாங்கித் தண்டவாளத்துக்கு அனுப்பும் பக்கத்துக்கு, சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு நின்றால் சர்வர் எஞ்சினை நிறுத்திவிடும், பெரும்பாலும் 10 நொடி அளவில். நிஜ எஞ்சினில் லோகோ பைலட் ஒரு நிமிடம் போல எதையும் தொடாவிட்டால் விழிப்புக் கருவி எச்சரித்து, பிறகு பிரேக் போடுவது போன்ற ஏற்பாடு. இதை யாராவது 'தொல்லை' என்று அணைத்து வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

நாமே செய்ய முடியுமா?

தாராளமாக. சாலிடரிங் தெரிந்தால் போதும், ப்ரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

தண்டவாளப் பக்கம், கட்டளையை வாங்கித் தண்டவாளத்துக்கு அனுப்ப, டிசிசி-இஎக்ஸ் என்ற அமைப்பு. ஆர்டுயினோ மெகா போர்டு, மேலே ஒரு மோட்டார் டிரைவர் போர்டு, வைஃபைக்கு ஒரு சிறு மாட்யூல். மென்பொருள் இலவசம். கையில் பிடிக்கும் பக்கம் விட்கன்ட்ரோலர் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. ஒரு இஎஸ்பி32 போர்டு, சிறிய ஓஎல்இடி திரை, மூன்றுக்கு நான்கு கீபேடு, ஒரு என்கோடர், ஒரு லித்தியம் பேட்டரி. பொருள் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்க்குள் வரும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம், போய் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். தர்மபுரியிலிருந்து சென்னை போகிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்க்கலாம். இல்லையென்றால் ஆன்லைன்.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. இஎஸ்பி32-ன் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும், அவற்றுக்கு உள்ளே புல்-அப் (பட்டனை அமுக்காதபோது பின்னை ஒரே நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. அங்கே பட்டன் வைத்தால் வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். போடாவிட்டால் பட்டனைத் தொடாமலே ஹாரன் அடிக்கும். 0, 2, 12, 15 பின்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று போர்டு விழிக்கும்போது சோதிக்கும் பின்கள், பட்டனுக்கு அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. மலிவு என்கோடர் ஒரு டிக்குக்கு இரண்டு மூன்று முறை துடிக்கும், வேகம் தாறுமாறாகும். இரண்டு கால்களிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்துக் கிரவுண்டோடு சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது.

பெட்டிக்கு த்ரீடி பிரிண்ட் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிவிசி பாக்ஸில் செய்திருக்கிறார். குமிழ் கட்டைவிரலுக்கு நேராக, ஹாரன் ஆள்காட்டி விரல் மடங்கும் பக்கத்தில். நிறுத்தும் பட்டனின் தலையில் எம்-சீல் ஒரு மிளகு அளவு உருட்டி ஒட்டி, காய்ந்த பிறகு லேசாகத் தேய்த்து மேடாக்கியிருக்கிறார். மற்றப் பட்டன்கள் தட்டை, அது மட்டும் மேடு. யார் கையில் கொடுத்தாலும், கீழே பார்க்காமலேயே கட்டைவிரல் அங்கே போய் நிற்கிறது. கம்பெனிக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் இல்லாத வசதி அது.

எத்தனை பட்டன் இருந்தால் போதும்?

குமிழ் ஒன்று, அதை அமுக்கினால் நிறுத்தம். திசைக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, முன்விளக்குக்கு ஒன்று, அவசர நிறுத்தத்துக்கு ஒன்று. மீதி எல்லாம் கீபேடிலோ திரையிலோ இருக்கலாம். முப்பது பட்டன் ஒரே அளவில் வரிசையாக இருந்தால், தடவிப் பார்க்கும் விரலுக்குத் திரையும் அதுவும் ஒன்றுதான்.

ஹாரனுக்கு ஏன் தனிப் பட்டன் என்று இவ்வளவு அழுத்துகிறீர்கள்?

ஹாரன் வாசிக்கும் கருவி. கேட் வருகிறது, விசில் போர்டைத் தாண்டியதும் நீளமாக ஒன்று இழுக்க வேண்டும். கிளம்பும்போது சின்னதாக ஒன்று. விரல் அமுக்கியிருக்கும் வரை ஒலிக்க வேண்டும், எடுத்தால் அந்தக் கணமே நிற்க வேண்டும். திரையில் பல ஆப்களில் ஹாரன் 'ஒரு தொடுதல் ஆன், மறு தொடுதல் ஆஃப்' என்று வருகிறது. மறு தொடுதல் படவில்லை என்றால் ஹாரன் கத்திக்கொண்டே இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஆப்பில் ஹாரனுக்குரிய எஃப்2-வைத் 'தொட்டிருக்கும் வரை மட்டும்' என்று மாற்றிக்கொள்ளலாம். அப்போதும், வியர்த்த விரல் கண்ணாடியில் வழுக்கினால் ஒலி அறுந்துவிடும். பட்டனில் அந்தப் பிரச்சினை கிடையாது.

அவசர நிறுத்தம், சாதாரண நிறுத்தம், என்ன வித்தியாசம்?

சாதாரணமாக வேகத்தைப் பூஜ்ஜியமாக்கினால், சிவி4-ல் நீங்கள் வைத்த அளவுப்படி வண்டி உருண்டு உருண்டுதான் நிற்கும். அவசர நிறுத்தம் அந்த மதிப்பைப் பார்க்காது, உடனே நிற்கும். சிலவற்றில் தண்டவாள மின்சாரத்தையே துண்டிக்கும் பட்டன் இருக்கும், அது எல்லா வண்டியையும் நிறுத்தும். உங்கள் கன்ட்ரோலரில் எந்தப் பட்டன் எதைச் செய்கிறது என்று, ஒன்றும் ஆகாதபோதே அமுக்கிப் பாருங்கள். திரைக்குள் இரண்டாவது மெனுவில் இருக்கும் அவசர நிறுத்தத்தை நான் அவசர நிறுத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

நம்ம ஊர் வெயிலுக்கும் தூசுக்கும் எது தாங்கும்?

சித்திரை வைகாசியில் மாடி அறையில் ஓட்டினால் உள்ளங்கை ஈரமாகவே இருக்கும். போன் திரைகள் விரலின் மின் தன்மையை உணர்ந்து வேலை செய்பவை. வியர்வைத் துளி திரையில் பட்டால் தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். மாம்பழக் காலத்தில் பிசுபிசுத்த கையோடு வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திரை மங்கி, பிரைட்னஸ் கூட்டி, பேட்டரி குறைவது தனிக் கதை.

பட்டனுக்கும் எதிரி உண்டு, தூசு. கிரானைட் பட்டறை அருகில் வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். ரப்பர் கீபேடுகளில் பட்டனுக்கு அடியில் கரிப்பூச்சு வைத்த சிறு புள்ளி இருக்கும். அதில் தூசும் எண்ணெயும் சேர்ந்தால் அழுத்தமாக அமுக்கினால்தான் வேலை செய்யும். திறந்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள். கரியைத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. 'டிக்' சத்தம் வரும் சின்ன டாக்ட் சுவிட்சுகள் இதைவிடத் தாங்கும், பழுதானாலும் ஒரு சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். திரை உடைந்தால் அப்படி முடியாது.

வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும்?

நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். வண்டி தூரத்தில், திரை கைக்குப் பக்கத்தில். கண்ணாடியைப் போட்டால் வண்டி மங்கல், எடுத்தால் திரை மங்கல். இவர்களுக்குக் குமிழும் பட்டனும் தவிர வேறு வழியே இல்லை என்பேன். பார்வைக் குறைவு உள்ள ஒருவர் குமிழை மட்டும் தொட்டு, சத்தத்தைக் கேட்டே வண்டியைப் பிளாட்ஃபாரத்தில் நிறுத்த முடியும். கண்ணாடித் திரையில் அது நடக்காது.

குழந்தைகள் திரையை நொடியில் பழகுவார்கள். ஆனால் கண் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும், அவர்கள் ரயிலைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். குமிழ் கொடுத்துப் பாருங்கள், வண்டி போகும் பக்கமே நடந்து போவார்கள். அதிகபட்ச வேகத்தைப் பாதிக்குக் கட்டுப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

பழைய அனலாக் டிசி கன்ட்ரோலர்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

அதில் ஏற்கெனவே நல்ல குமிழ் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்ற வேண்டியதில்லை.

ஓட்டும்போது கரண்ட் போனால்?

தண்டவாளமும் ரௌட்டரும் சேர்ந்தே அணையும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். டிசிசி-இஎக்ஸ் மீண்டும் விழிக்கும்போது தண்டவாள மின்சாரம் அணைந்த நிலையிலேயே இருக்கும், நீங்கள் போட்டால்தான் வரும். வேறு அமைப்புகளில் இதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ரௌட்டர் மெதுவாக எழும், கன்ட்ரோலர் இணைந்ததை உறுதிசெய்த பிறகே தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுங்கள்.

நம் மாவட்ட ரயிலையே லேஅவுட்டாகச் செய்ய ஆசை. அதற்கு எந்தக் கன்ட்ரோலர்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். பெரும்பாலோர் தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி மலைப்பாதையைத்தான் நினைக்கிறார்கள். வளைவும் பாறையும் பார்க்க அழகு, நீண்ட வண்டி ஓடுவதற்கும் ஏற்றது. அதற்குத் திரை, குமிழ் எதுவும் ஓடும்.

ஆனால் நான் பரிந்துரைப்பது பலருக்கு நினைவே இல்லாத ஒன்றை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு சிறு பாதை வந்தது, 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் வேறொன்று. இரண்டும் 762 மி.மீ. அகலம், இரண்டரை அடி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941-ல் இரண்டும் மூடப்பட்டன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதன் பிறகு ரயிலே இல்லை. இப்போது 762-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.76 மி.மீ. எச்ஓஇ என்ற மாடல் அளவின் தண்டவாளம் 9 மி.மீ. கிட்டத்தட்ட அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. நம் அகலப் பாதைக்கு இந்தப் பொருத்தம் கிடையாது. 1,676 மி.மீ. என்றால் மாடலில் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. ஆஸ்திரியாவின் 760 மி.மீ. பாதைகளுக்கென்று ரோகோ, லிலிபுட் போன்ற கம்பெனிகள் எச்ஓஇ வண்டிகளைச் செய்திருக்கின்றன. அடிச்சட்டத்தை அங்கிருந்து எடுத்து மேல்பகுதியை நாம் கட்டலாம். சிறிய எஞ்சின், நாலு பெட்டி, மொரப்பூரில் பெரிய பாதையோடு சரக்கு மாற்றும் யார்டு. கதவுப் பலகை அளவு இடம் போதும்.

இப்படிப்பட்ட பாதையில் வேகம் என்ற ஒன்றே இல்லை. எல்லாம் ஊர்வதும், நிற்பதும், பின்னால் தள்ளுவதும்தான். சிறிய எஞ்சின், குறைந்த எடை, சக்கரம் தூசைத் தொட்டாலே தயங்கும். வேகப் படி ஒன்று இரண்டில் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணைக் கப்ளிங்கிலிருந்து எடுக்கவே முடியாது. நடுவில் பூஜ்ஜியம் உள்ள குமிழ், அல்லது டிக்குக்கு ஒரு படி வைத்த என்கோடர். இதற்கு மட்டும் டச் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

ஏற்கெனவே டேப்லெட் வாங்கி ஆப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீணா?

இல்லவே இல்லை. அதை லேஅவுட்டின் ஓரத்தில் ஒரு தாங்கியில் சாய்த்து வைத்து, யார்டு வரைபடமும் பாயின்ட்டுகளும் அதில் இருக்கட்டும். சார்ஜரை நிரந்தரமாகச் சொருகிவிடுங்கள். வேகத்துக்கு ஒரு கேம்பேடோ, கையால் செய்த குமிழ் கன்ட்ரோலரோ சேருங்கள். ஒரே சர்வரில் இரண்டும் ஒரே நேரத்தில் இணையும். ஒருவர் பாயின்ட் போட, ஒருவர் ஓட்ட, ஸ்டேஷன் மாஸ்டரும் லோகோ பைலட்டுமாக இரண்டு பேர் சேர்ந்து வேலை பார்க்கலாம். இணைப்பதில் சிக்கல் வந்தால் டேப்லெட்டையும் கன்ட்ரோலரையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.